போட்டோவைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடுகிறோம். ஆளுக்கு நாலைந்து படம் கொண்டுவருவார்கள். டிவியில் போட்டுப் பார்ப்போம், பேசுவோம். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று கலவையான கூட்டம். படம் எடுப்பதில் அவ்வளவு தயங்காதவர்கள்கூட அடுத்தவர் படத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் திணறுகிறார்கள். புதிதாக வருபவர்கள் கேட்கிற சந்தேகங்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டு, பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

"சூப்பர்"னு சொன்னா என்ன தப்பு? சந்தோஷமா போயிட்டுப் போறாங்களே?

தப்பே இல்லை. குழந்தையின் பிறந்தநாள் படத்தைக் காட்டுகிறவரிடம் அதுதான் சரியான பதில். ஆனால் ஒருவர் விடிகாலையில் எழுந்து காசிமேடு போய், ஏலக் கூச்சலுக்கு நடுவில் நின்று எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார் என்றால், "சூப்பர்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? எது சூப்பர்? வெளிச்சமா, மீன் பிரிக்கிற அம்மாவின் முகமா, பின்னால் வந்து நின்ற படகா?

என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகு, அடுத்த முறை அதே இடத்தில் நிற்கும்போது அவரால் ஏதாவது ஒன்றை வேறு மாதிரி செய்ய முடியுமா? முடியும் என்றால் சொன்னது உருப்படியான கருத்து. பாராட்டுக்கும் இதே கணக்குதான். "அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்தீங்க பாருங்க, அதுதான் படம்" என்று சொன்னால் அவர் மறுபடியும் காத்திருப்பார்.

எனக்கே ஒழுங்கா எடுக்கத் தெரியாது. நான் என்னத்தச் சொல்றது?

பார்க்கத் தெரியும் அல்லவா, அது போதும். எங்கள் கூட்டத்துக்குக் கேமராவே இல்லாத ஓர் அக்கா வருகிறார். தம்பிக்குத் துணையாக வர ஆரம்பித்தவர். அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எதுவும் அவர் வாயில் வராது. "எனக்கு முதல்ல அந்த மஞ்சள் பக்கெட்டுதான் தெரியுது, அப்புறம்தான் ஆளே தெரியறாரு" என்பார். அவ்வளவுதான். படம் எடுத்தவருக்கு உடனே விஷயம் புரிந்துவிடும். பக்கெட்டை நகர்த்தியிருக்கலாம், இல்லையென்றால் அவர் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்திருக்கலாம்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே என்ன லென்ஸ் என்று கேட்டுவிடுகிறார்கள்.

சரி, பேச்சை எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

முதலில் கொஞ்சம் சும்மா இருங்கள். அரை நிமிடம் பேசாமல் பாருங்கள். படம் திரையில் வந்த மூன்றாவது நொடியில் சொல்லப்படுகிற கருத்து எந்தப் படத்துக்கும் பொருந்துகிற கருத்தாகத்தான் இருக்கும்.

அப்புறம், கண் எங்கே போனது என்பதைச் சொல்லுங்கள். முதலில் எதைப் பார்த்தேன், அங்கிருந்து எங்கே போனேன், எங்கே மாட்டிக்கொண்டேன். "வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு கை இருக்கிறது, திரும்பத் திரும்ப அங்கேயே போகிறேன்" என்பது தீர்ப்பு இல்லை, நடந்ததைச் சொல்வது. அதனால் யாருக்கும் கோபம் வராது. நல்லது, கெட்டது என்ற பேச்சு இதற்குப் பிறகு வந்தால் போதும். பல நேரம் வரவே தேவைப்படாது.

என்ன நினைச்சு எடுத்தீங்கன்னு கேட்டுட்டு சொல்லணுமா, கேக்காமலே சொல்லணுமா?

இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டால் அவர் சொன்ன கதையைத்தான் படத்தில் தேடுவீர்கள். "இந்தப் பாட்டி தனியா இருக்காங்க சார், பையன் துபாய்ல" என்று அவர் சொன்ன பிறகு சாதாரண படம்கூட உருக்கமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். துபாய் படத்தில் இல்லையே.

கேட்காமலே முடிப்பதும் சரியில்லை. மயிலாப்பூரில் பங்குனி அறுபத்துமூவர் உற்சவத்தில் ஒருவர் எடுத்த படம். நான் சுவாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பல்லக்கு நடுவில் இல்லையே என்று தோன்றியது. கேட்டால், பல்லக்குத் தூக்குகிறவர்களின் தோளைக் காட்டத்தான் எடுத்தாராம். அப்படியானால் பேச்சே மாறிவிடுகிறது. பல்லக்கை நடுவில் கொண்டுவரச் சொல்வது வீண். இன்னும் கீழே உட்கார்ந்து, தோள் மட்டத்திலிருந்து எடுத்திருக்கலாமே என்பதுதான் அவருக்கு வேண்டிய யோசனை.

ஒரு படத்துல எத்தனை குறை சொல்லலாம்?

ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. ஏழு குறை இருந்தாலும் அப்படித்தான். எல்லாவற்றையும் சொன்னால் எதைத் திருத்துவது என்று அவருக்குத் தெரியாது. எல்லாம் தப்பு என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். எதைச் சரிசெய்தால் படம் அதிகமாக மாறுமோ அதைச் சொல்லுங்கள். மற்றவை அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

வாட்ஸாப்ல அனுப்பின படத்தைப் பார்த்துட்டு சொல்லலாமா?

கம்போசிஷன் (படத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்பது), முகபாவம், எடுத்த கணம் ஆகியவற்றைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம். ஷார்ப்பாக இருக்கிறதா, நிழலில் புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லாதீர்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது வாட்ஸாப் அளவைக் குறைத்து, அமுக்கித்தான் அனுப்புகிறது. ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது), ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டி எடுத்தது) போன்ற விவரங்களும் வழியில் போய்விடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் கேமராவில் இருந்தபடியே வரும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு உங்கள் போன் திரையின் பிரகாசத்தையும் பாருங்கள். இரவில் திரையைக் குறைத்து வைத்துக்கொண்டு "படம் இருட்டா இருக்கு" என்று சொல்கிறவர்கள் நிறைய. முடிந்தால் ஒரு பிரின்ட் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாளில் பார்க்கும்போது பேச்சு வேறு மாதிரி நடக்கிறது, விரலால் பெரிதாக்க முடியாது என்பதே பெரிய நன்மை.

படம் கலங்கலா இருக்குன்னு தெரியுது, ஏன்னு சொல்லத் தெரியலையே?

இதைக் கற்றுக்கொள்வது நல்லது. ஏனென்றால் "ஷார்ப்பா இல்ல" என்பதோடு நிறுத்தினால் பெரும்பாலானவர்கள் புது லென்ஸ் விலை பார்க்கப் போய்விடுகிறார்கள். கலங்கலில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

படத்தில் வேறு ஏதாவது ஓர் இடம் தெளிவாக இருக்கிறதா என்று தேடுங்கள். முகம் கலங்கி, பின்னால் சுவரில் ஒட்டிய போஸ்டர் பளிச்சென்று இருந்தால் ஃபோக்கஸ் தவறிப் பின்னால் போயிருக்கிறது. ஃபோக்கஸ் புள்ளியைக் கண்ணில் வைக்கச் சொல்லுங்கள். எங்குமே தெளிவில்லாமல், விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுத்திருந்தால் கை ஆடியிருக்கிறது. பழைய கணக்கு ஒன்று உண்டு: 200 மி.மீ. லென்ஸ் என்றால் ஷட்டர் 1/200 நொடிக்கு மெதுவாக இருக்கக் கூடாது. சென்சார் (படம் பதிகிற சில்லு) சிறிய கேமராவில் 1/300 என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தைத் தாங்கும் வசதி லென்ஸில் இருந்தால் இன்னும் மெதுவாகப் போகலாம். மூன்றாவது வகையில் கட்டடம், தரை எல்லாம் தெளிவாக இருக்கும், ஆள் மட்டும் கலங்கியிருப்பார். அவர் அசைந்திருக்கிறார். நடக்கிறவருக்கு 1/250, ஓடி ஆடுகிற பிள்ளைகளுக்கு 1/500, பறக்கிற பறவைக்கு 1/1000க்கு மேல் என்று தொடங்கலாம்.

இந்த மூன்றாவது வகைக்கு ட்ரைபாட் உதவாது, கை ஆட்டத்தைத் தாங்கும் லென்ஸும் உதவாது. ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரை வேகமாக்குவதுதான் வழி. ஐஎஸ்ஓ 100ஐத் தாண்டினாலே பாவம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி விழும்தான், ஆனால் புள்ளி விழுந்த படத்தை ஓரளவு சரிசெய்யலாம், இழுத்துக்கொண்டு போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மதிய வெயில்ல எடுத்துட்டு வந்துட்டார். காலையில போயிருக்கலாம்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த யோசனை. அவருக்கும் தெரிந்திருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். நட்ட கம்புக்கே நிழல் விழாத நாள்கூட உண்டு. அந்த வெயிலில் புருவத்துக்குக் கீழே இரண்டு கண்ணும் குழியாகிவிடும். அந்த நேரத்தில்தான் அவருக்கு விடுமுறை என்றால் என்ன செய்வது?

அங்கேயே இருந்த வழியைக் காட்டுங்கள். கடை வாசல் பந்தல், பேருந்து நிறுத்தத்தின் கூரை, கோயில் மண்டபத்தின் விளிம்பு. ஆளை நிழலுக்குள் ஓரடி நகர்த்தி, முகம் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்தினால் தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமே போதும். அல்லது ஆளை விட்டுவிட்டு நிழல்களையே எடுக்கலாம். உச்சி வெயில் அதற்கு நன்றாக ஒத்துழைக்கும்.

கறுப்பா இருக்கறவங்க முகம் சரியா வரலைன்னு எப்படிச் சொல்றது? தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?

முகத்தைப் பற்றிப் பேசாமல், கேமரா வெளிச்சத்தை அளந்த விதத்தைப் பற்றிப் பேசுங்கள். சாதாரண அளவீட்டில் கேமராவுக்கு முகம், வேட்டி என்று எதுவும் தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சுவர், நடுவில் கறுத்த முகம் என்றால் வெள்ளையை அடக்குவதற்காகப் படத்தையே இருட்டாக்கும், முகம் காணாமல் போகும். நேர்மாறாக, இருண்ட பின்னணியில் நெற்றியும் மூக்கும் எரிந்து வெளுத்துப்போகும். முகத்தைப் பார்த்து அளக்கச் சொல்லுங்கள், எக்ஸ்போஷரை (படத்தில் பதிகிற வெளிச்சத்தை) கூட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். முகத்தை நிமிர்த்துவதற்காக வேட்டி கொஞ்சம் எரிந்தாலும் எனக்குச் சம்மதமே.

இன்னொன்றும் நம் ஊரில் சொல்லியாக வேண்டும். கல்யாண ஆல்பங்களைப் பார்த்துப் பார்த்து, முகத்தை இரண்டு ஷேடு வெளுப்பதுதான் எடிட்டிங் என்று பலர் நினைத்துவிட்டார்கள். சில போன்கள் கேட்காமலே அதைச் செய்கின்றன. கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று வந்திருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். "முகம் கையோடு சேரவில்லை" என்றால் போதும். நான் இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லையேன்னு சொல்லலாமா?

விதியைச் சொல்லாதீர்கள், விளைவைச் சொல்லுங்கள். படத்தின் சட்டத்தை (ஃபிரேமை) மூன்றாகப் பிரித்துக் கோட்டில் ஆளை வைப்பது பழக்கத்துக்கு உதவுகிற ஒரு வழி, அவ்வளவுதான். கோபுரத்தையும் தெப்பக்குளத்தில் விழும் அதன் பிம்பத்தையும் சேர்த்து எடுக்கும்போது நட்ட நடுவில் வைப்பதுதான் பொருத்தமாக இருக்கும். இடப்பக்கம் ஓடுகிற பையனுக்கு எதிரே இடமில்லாமல் அவன் மூக்கு ஓரத்தில் முட்டினால், "அவன் எங்கே போவான் என்று தெரியவில்லை, மூச்சு முட்டுகிறது" என்று சொல்லுங்கள். விதியின் பெயர் இல்லாமலே விஷயம் போய்ச் சேரும்.

கடல் சாய்ந்திருந்தால் மட்டும் நேராகச் சொல்லிவிடலாம். அதில் யாரும் வாதாடுவதில்லை.

கிராப் பண்ணா நல்லா இருக்கும்னு தோணுது. அது அவர் படத்துல கை வைக்கிற மாதிரி ஆகாதா?

ஃபைலில் கை வைத்தால்தான் தப்பு. கேட்காமல் அவர் படத்தை எடிட் செய்து திருப்பி அனுப்புவது எனக்குப் பிடிக்காத பழக்கம். பிரின்ட் என்றால் இரண்டு வெள்ளை அட்டையை எல் வடிவில் வெட்டி மேலே வைத்து நகர்த்திக் காட்டலாம். திரை என்றால் உள்ளங்கையால் மறைத்துக் காட்டலாம். பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

"எடுத்த ஃபிரேமை வெட்டக் கூடாது" என்று கொள்கை பேசுகிறவர்களும் வருவார்கள். வெட்டுவதை விரும்பாதவர் என்று பெயர் பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே ப்ரெஸ்ஸோன், 1932இல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டுகிற மனிதரை வேலி இடுக்கு வழியாக எடுத்தார். உலகப் புகழ் பெற்ற அந்தப் படமே வெட்டப்பட்டதுதான்.

எடிட்டிங் ஓவரா போச்சு. எப்படிப் பக்குவமா சொல்றது?

முதல் இரண்டு பதில்களில் சொன்னதுதான்: எங்கே தெரிகிறது என்று இடத்தைக் காட்டுங்கள். "ஓவர்" என்றால் அவர் ரசனையைக் குறை சொன்னதாக ஆகிவிடும். "கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது", "புல் இந்தப் பச்சையில் இருக்குமா?", "வானத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது" என்றால் அவரே ஸ்லைடரைப் பின்னால் இழுப்பார். எடிட் செய்யாத படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த நிமிடமே சிரித்துவிடுகிறார்கள்.

ஒருநாள் இரவு முழுக்க உட்கார்ந்து எடிட் செய்கிறவருக்கு ஒரு யோசனை: காலையில் எழுந்து பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். கண் நிறத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும், இரவில் அளவாகத் தெரிந்தது காலையில் கத்தும்.

மொபைல்ல எடுத்ததுதானே? கேமரா வாங்கச் சொல்லலாமா?

வேண்டாம். அளவுகோலை நினைவில் வையுங்கள்: அடுத்த முறை அதே இடத்தில், கையில் இருக்கிற அதே போனோடு அவர் என்ன செய்யலாம்? போனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் அகலக் கோணம். முகத்துக்கு ஓரடி தூரத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். இரண்டு எட்டுப் பின்னால் வந்து 2எக்ஸ் ஜூம் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். லென்ஸைச் சட்டையில் துடைக்கச் சொல்லுங்கள், விளையாட்டு இல்லை. படம் முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி இருந்தால் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம். பின்னணியை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடில் முடி ஓரமும் கண்ணாடிக் கம்பியும் கரைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அறுபது படத்தைக் கொண்டுவந்து காட்டறார். எல்லாத்துக்கும் சொல்லணுமா?

சொல்லக் கூடாது. அவருக்கு வேண்டியது கருத்து இல்லை, தேர்வு செய்வதில் உதவி. அவரையே ஐந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே காட்சியில் பத்துப் படம் இருந்தால் அந்தப் பத்தையும் வரிசையாக வைத்து, எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார் என்று பாருங்கள். தனிப் படத்தைப் பற்றிப் பேசுவதைவிட இதில் கிடைப்பது அதிகம். பலரும் நல்ல கணம் வருவதற்கு ஒரு படம் முன்பே கேமராவை இறக்கிவிடுகிறார்கள்.

எடுத்தவர் எங்க பெரிய மாமா. வயசுல பெரியவர். குறை சொல்ல முடியுமா?

குறையாகச் சொல்ல முடியாது, கேள்வியாகக் கேட்கலாம். "மாமா, இது வாசப்படியிலேர்ந்து எடுத்தீங்களா? மாடியிலேர்ந்து எடுத்திருந்தா அந்தக் கோலம் முழுசாத் தெரிஞ்சிருக்குமோ?" என்றால் அவர் உங்களை மாடிக்கே கூட்டிக்கொண்டு போவார். அதோடு, அவர் கருத்துக் கேட்டாரா, சும்மா காட்டினாரா என்று முதலில் பாருங்கள். சும்மா காட்டினால் ரசித்துவிட்டுக் காபி குடியுங்கள். இறந்துபோன ஒருவரின் கடைசிப் படம், பேரனின் முதல் நடை இதற்கெல்லாம் வயது வித்தியாசம் இல்லாமல் இதே பதில்தான்.

படத்துல இருக்கற பொண்ணு அழகா இருக்காங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுவும் பாராட்டுதானே?

அது அந்தப் பெண்ணுக்கான பாராட்டு, படத்துக்கானது இல்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. எங்கள் கூட்டத்தில் பெண்கள் தங்களையே எடுத்துக்கொண்ட படங்களைக் கொண்டுவந்தபோது இது உடனே கண்ணில் பட்டது. மற்ற படங்களுக்கு வெளிச்சம், கோணம் என்று பேசியவர்கள், இதற்கு மட்டும் கன்னத்தைப் பற்றிப் பேசினார்கள். எடை, நிறம், உடை எதுவும் பேச வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கை எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது, பார்வை எங்கே போகிறது என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

தெருவுல படுத்திருக்கிற முதியவரை எடுத்திருக்கார். படம் நல்லா இருக்கு, ஆனா மனசுக்கு ஒப்பல. அதையும் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். ஆனால் ஆளைக் குற்றவாளியாக்காமல் கேளுங்கள்: அவருக்கு நீங்கள் எடுத்தது தெரியுமா? அவர் விழித்திருந்தால் இதே படத்தை எடுத்திருப்பீர்களா? படத்தில் அவருடைய வறுமை தவிர அவரைப் பற்றி வேறு ஏதாவது தெரிகிறதா? கடைசிக் கேள்வி படத்தின் தரத்தைப் பற்றியதும்கூட. பெரும்பாலும் ஃபோக்கஸ், வெளிச்சம் எல்லாம் சரியாக இருக்கும், மனிதர் மட்டும் இருக்க மாட்டார்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரையில் நடக்கிற கூத்தாண்டவர் திருவிழா இன்னொரு உதாரணம். திருநங்கைகள் தாலி அறுத்து அழுகிற நேரத்தில் முகத்துக்கு நேரே கேமராக்கள் மொய்க்கின்றன. அங்கிருந்து வந்த படத்தில் சட்டத்தின் ஓரத்தில் மூன்று லென்ஸ் தெரிந்தால், படத்தை எடுத்தவரும் அந்த வளையத்தில் நான்காவதாக நின்றிருக்கிறார் என்று அர்த்தம். அதைச் சுட்டிக்காட்டி, முதல்நாள் பேசிப் பழகிவிட்டு எடுத்திருந்தால் எவ்வளவு வேறாக இருந்திருக்கும் என்று பேசலாம். இங்கேயும் அடுத்த முறைக்கான யோசனைதான்.

பறவைக் கூட்டைப் படம் எடுத்திருக்கார். ரொம்ப ஷார்ப்பா இருக்கு. பாராட்டலாமா?

எப்படி எடுத்தார் என்று தெரிந்துகொண்ட பிறகு. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில் நின்று, நீள லென்ஸில், தண்ணீருக்கு நடுவே மரத்திலிருக்கும் நத்தைக்குத்தி நாரையை எடுப்பது வேறு. தோட்டத்தில் தேன்சிட்டுக் கூட்டுக்கு மூன்றடியில் நின்று, மறைக்கிற இலையைக் கிள்ளிவிட்டு எடுப்பது வேறு. மறைப்பு போனால் குஞ்சுகள் வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் படும். ஆள் நிற்கிற வரை தாய்ப்பறவை இரையோடு சுற்றிச் சுற்றி வரும், உள்ளே போகாது.

படத்திலேயே சில தடயம் கிடைக்கும். கூட்டைச் சுற்றிப் புதிதாக ஒடித்த காம்பு, அலகு நிறைய இரையோடு கேமராவையே பார்க்கிற பறவை, ஃப்ளாஷ் வெளிச்சம். இவை இருந்தால் ஷார்ப்னஸைப் பற்றிப் பேசாதீர்கள். இந்த ஓர் இடத்தில், முதலில் குறையைச் சொல்லலாம்.

போட்டிக்கு அனுப்பப் போறார். அப்போ வேற மாதிரி சொல்லணுமா?

ஆமாம். விதிமுறையை முதலில் படிக்கச் சொல்லுங்கள். ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு) போன்ற அமைப்புகளின் ஆதரவில் நடக்கும் போட்டிகளில் இயற்கைப் பிரிவில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. குறுக்கே வந்த குச்சியை அழித்தால்கூடப் படம் தள்ளுபடி. வெட்டுவதற்கு அனுமதி உண்டு. அதனால் "அந்தக் குச்சியை எடுத்துடுங்க" என்ற நட்பான யோசனை அங்கே வினையாகிவிடும்.

நடுவர் ஒரு படத்துக்கு மிகக் குறைந்த நேரமே தருவார். எனவே நீங்களும் சில நொடிகள் மட்டும் பார்த்துவிட்டு, நினைவில் என்ன நின்றது என்று சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு நான் சொன்ன அரை நிமிடம் இங்கே பொருந்தாது.

நான் சொன்னதை ஒத்துக்கவே மாட்டேங்கறார். ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் சொல்றார். என்ன செய்ய?

விட்டுவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதும், ஜெயிக்க வேண்டிய வழக்கு இல்லை. விளக்கத்தை மட்டும் காதுகொடுத்துக் கேளுங்கள். "அங்கே கயிறு கட்டியிருந்தாங்க, அதுக்கு மேல போக முடியல" என்றால் அது உண்மையான தடை, உங்கள் யோசனையை மாற்ற வேண்டும். "என் ஸ்டைலே இதுதான்" என்றால் அவருடைய வேறு நாலு படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவற்றிலும் அதே சாய்வு, அதே இருட்டு இருந்தால் ஒருவேளை நிஜமாகவே ஸ்டைல்தான்.

தப்புன்னு ஒண்ணும் இல்ல. ஃபோக்கஸ் சரி, லைட் சரி. ஆனா சப்புனு இருக்கு. இதை எப்படிச் சொல்றது?

இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி இது. மெரினாவில் சூரிய உதயம், முன்னால் கறுப்பாக ஒரு படகு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், மேலே செக்கச் சிவந்த வானம். குறை சொல்ல இடமே இருக்காது, பார்த்த அடுத்த நொடி மறந்தும் போகும். "இது எல்லாரும் எடுக்கறது" என்று சொன்னால் உண்மைதான், ஆனால் அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

நான் கேட்பது: "இதுக்கு முன்னாடி, பின்னாடி என்ன எடுத்தீங்க?" மெமரி கார்டில் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். படகு கறுப்பாக விழாமல் அதன் பக்கத்தில் எழுதியிருந்த பெயர் தெரிகிற படம், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே கேமராவைப் பார்த்து முறைத்த ஆள், தூங்கி வழிகிற குதிரைக்காரர். சரியில்லை என்று ஒதுக்கியதில்தான் அவருடைய கண் இருக்கும். அதை எடுத்துத் திரையில் போடச் சொல்லி, சுமாரான அந்தப் படத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள். அப்படி எதுவும் கார்டில் இல்லையென்றால், அடுத்த முறை சூரியன் மேலே வந்த பிறகும் கரையிலேயே இருக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லாம் ஏழு மணிக்கே டிபன் சாப்பிடப் போயிருப்பார்கள்.